ஒண்ணாங் கியரில் ஒரு கம்ப்யூட்டர்

சிங்கப்பூரில் தானாக நடக்கும் எந்தக் காரியத்தையும் நடக்கவிடாமல் தடுத்த ஒரே மனிதர் எங்கள் கிளட்ச் மாஸ்டர்தான். இந்த ஊரில் கதவு தானாகத் திறக்கும், குழாய் தானாகக் கொட்டும், படிக்கட்டு தானாக ஏறும். எங்கள் செங்காங் பேட்டையைச் சுற்றி வருகிற குட்டி ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாது, அதுவும் தன் பாட்டுக்குப் போய்வரும். இத்தனை லட்சம் பேரும் இதையெல்லாம் ஒத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். அவர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இனிமேலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவரைக் கிறுக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. போன வருஷம் அவர் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். மறுநாளே லிஃப்டில் ஒருத்தர், "அப்பாடா, இனிமே நம்ம டிவி நம்ம பேச்சைக் கேக்கும்லா" என்றார். அந்த லிஃப்ட் ஆளோடு நான் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன். மாஸ்டர் பக்கம் நின்று பேச ஒரு ஆள் வேண்டும். வேறு யாரும் வருவதாகத் தெரியவில்லை. நான் பேசுகிறேன்.

நான் தேக்காவில் ஒரு பூக்கடைக்கு வேன் ஓட்டுகிறவன். காலையில் மாலைகளை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய் இறக்குவது வேலை. படிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. சாமி காரியத்தில் இருக்கிறேன், அது போதும். அந்த வேன், காலால் மிதித்துக் கையால் கியர் மாற்றுகிற மேனுவல் வண்டி. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்து எனக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தவர்தான் கிளட்ச் மாஸ்டர். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. சீனர்கள், மலாய்க்காரர்கள் எல்லாருக்குமே அவர் கிளட்ச். என் போனிலும் கிளட்ச் என்றுதான் இருக்கிறது.

இங்கே ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு த்ரீ ஏ என்று தனி லைசென்ஸ். மாஸ்டருக்கு அது லைசென்ஸ் இல்லை, வசவு. சட்டினியில் காரம் இல்லை என்றால் த்ரீ ஏ சட்டினி. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து பெய்யாமல் போனால் த்ரீ ஏ மழை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பையன் எப்படி என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். "தங்கமான பையன். நல்ல வேலை. குடி கிடையாது. ஆனா த்ரீ ஏ லா" என்றார். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை அவர் இன்றுவரை முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை.

பேரங்காடிக்குப் போனால் கண்ணாடிக் கதவு இவரைப் பார்த்துத் திறந்துவிடக் கூடாது. அதற்காகச் சுவரோரமாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து போவார். கதவுக்குத் தெரியாமல் அதன் பக்கத்தில் போய் நின்று, கையால் தள்ளித் திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "அது என்னைப் பாத்துத் திறக்குறதுக்கு நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா?" என்று மாஸ்டர் திருப்பிக் கேட்டார். காவலாளி ஒரு சீனப் பெரியவர், தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்ததுபோல ஓரத்தில் இருந்த கைப்பிடிக் கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் காவலாளி வேலையில் இருக்கும் நாட்களில் மட்டும்தான் மாஸ்டர் அங்கே சாமான் வாங்கினார்.

கை கழுவும் இடத்திலும் அதே கதைதான். "குழாய்க்கு முன்னாடி கையை நீட்டிப் பிச்சை எடுக்கணுமா?" என்பார். சட்டைப்பைக்குள் ஒரு சின்ன தண்ணீர் போத்தல் எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இலையில் உட்காரும் முன்பே, "தங்கச்சி, கரண்ட் குக்கரா பானையா?" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். என் மனைவி காமாட்சி பானைதான் அண்ணே என்பாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, குக்கர் இருக்கும் பக்கமாக ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த தடவை நிஜமாகவே பானையில் வடித்தாள்.

இதெல்லாம் அவரோடு நின்றிருந்தால் புளோக்கில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். எந்த வீட்டில் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதன் செட்டிங்ஸுக்குள் போய் ஆட்டோமேட்டிக் என்கிற சொல்லைத் தேடுவார், தலையில் பேன் பார்க்கிற மாதிரி. கண்ணில் பட்டால் மேனுவல் என்று மாற்றாமல் எழுந்திருக்க மாட்டார். மூன்றாம் மாடி வீட்டில் டிவியில் வருகிறவர்கள் எல்லாம் பச்சை நிறமாகிப் போனார்கள். அடுத்த வீட்டில் துணி துவைக்கும் மெஷின் பாதியில் நின்று, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம். அதில் என்ன தப்பு, மரியாதையாகத்தானே கேட்கிறது என்றார் மாஸ்டர்.

கோயில் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் பூப் போடும் கோயில்களில் ஒன்றில் தீபாராதனை நேரத்துக்கு மேளமும் மணியும் அடிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் குச்சிகள் தாமாக எழும்பி மேளத்தை அடிக்கும், மணியும் தானாக ஆடும். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில், மாஸ்டர் போய் அந்தச் சுவிட்சை அணைத்தார். சட்டென்று எல்லாம் அமைதியானது. குருக்கள் கையில் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கி, மேளத்தைத் தானே அடித்தார். தாளம் சரியாக இல்லை. பொய் சொல்ல மாட்டேன், கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் நெற்றியில் வியர்வை வழிய அவர் அடித்த அடி இருக்கிறதே, அதுவரை மணியைக் கவனிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். நிர்வாகத்தினர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கண்டிக்கட்டும். முருகனுக்கு அன்றைக்குத்தான் எங்கள் சத்தம் கேட்டிருக்கும் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வண்டி கற்றுக்கொடுப்பதில் அவர் மாதிரி ஒருவரைப் பார்க்க முடியாது. எனக்கு மேடு வராது. டெஸ்டில் ஒரு மேடு உண்டு. அதில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற வேண்டும். என் வண்டி ஒவ்வொரு தடவையும் பின்னால்தான் போகும். எல்லாரும் பேசாமல் த்ரீ ஏ எடுத்துவிடு, ஈஸி என்றார்கள். எடுத்திருந்தால் எனக்குப் பூ வேன் கிடைத்திருக்காது. மாஸ்டர் மட்டும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. "பயப்படாதே பூக்காரரே. மேட்டுல மூணு விஷயம்தான். ஒண்ணாங் கியர், பாதி கிளட்ச், முருகா. இந்த வரிசையில சொல்லணும். முருகாவை முதல்ல சொன்னா வண்டி ஆஃப் ஆயிரும்" என்பார். எனக்கு அதுகூடக் கொஞ்சம் சங்கடம்தான், சாமியை மூன்றாவது இடத்தில் வைக்கிறாரே என்று. ஆனால் அப்படிச் சொல்லித்தான் மேடு ஏறினேன்.

இப்போது காமாட்சி விஷயத்துக்கு வருகிறேன்.

காமாட்சி ஒரு பாலர் பள்ளியின் சமையற்கட்டில் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவள் சொல்கிற தமிழ்க் கதைகளைக் கேட்டுவிட்டு, நீங்கள் ஏன் தமிழ் டீச்சர் ஆகக் கூடாது என்று பள்ளித் தலைவி கேட்டார். அன்றைக்கு ராத்திரி அவள் அதையே நாலு தடவை என்னிடம் சொன்னாள். அவள் தம்பி சுரேஷ் பக்கத்துப் பேட்டையான பொங்கோலில் இருக்கிறான், ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. அக்காமேல் உயிரையே வைத்திருப்பவன். அவன் சொன்னான், "எதுக்குக்கா டீச்சர் கோர்ஸ்? ரெண்டு வருஷம், இங்கிலீஷ் வேற. அசிஸ்டன்ட் கோர்ஸ் எடு. கொஞ்ச நாள்தான், ஈஸி." அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அசிஸ்டன்ட்டா? அது த்ரீ ஏ தங்கச்சி. ஓட்டுறதுன்னா முழுசா ஓட்டு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி ரசம் ஊற்றிக்கொண்டார். காமாட்சி மறுநாள் டீச்சர் கோர்ஸில் சேர்ந்தாள்.

சுரேஷ் கோபப்படவில்லை. ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தான். வயரைச் சொருகினால்தான் இன்டர்நெட் வரும். வயரைக் கையால் சொருக வேண்டும் என்று கேட்டதும் மாஸ்டருக்கு அந்தக் கம்ப்யூட்டர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இரண்டு வருஷம் காமாட்சி அதன் முன்னால் உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை, பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். போனில் எழுத முடியாது. தேறினால் வருகிற ஜனவரியில் அவளுக்கு ஒரு வகுப்பு. அன்று எழுதாமல் விட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். பிறகு சமையற்கட்டுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வந்தார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். புது வண்டிச் சக்கரத்தின் கீழ் வைப்போமே, அந்த மாதிரி மௌஸின் கீழ் வைத்து நசுக்க வேண்டும் என்றார். காமாட்சி கெஞ்சிக் கேட்டுப் பழத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். "நாளைக்கு டெஸ்ட். வண்டியை செக் பண்ணியாச்சா? டெஸ்டுக்கு முதல் நாள் நான் எல்லா வண்டியையும் பாத்துருவேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் விளக்கேற்றப் போனேன். அவள் வடை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முதுகை மட்டும் பார்த்தோம். எழுந்து போகும்போது, "இனிமே இது உன் பேச்சைத்தான் கேக்கும் தங்கச்சி. அணைச்சிட்டேன், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். பாவம், எவ்வளவு அக்கறை என்று நாங்கள் இரண்டு பேரும் நெகிழ்ந்துபோனோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே காமாட்சி உட்கார்ந்துவிட்டாள். திரையின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை. இல்லை. டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. வயர் சொருகியபடி சரியாக இருக்கிறது. போனில் இன்டர்நெட் ஓடுகிறது. டிவியில் ஓடுகிறது. கம்ப்யூட்டரும் இணைப்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஆனால் எந்தப் பக்கமும் வரவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அணைத்துப் போடுவது. அணைத்துப் போட்டேன். முருகா என்றேன். முருகன் துணைக்கு நிற்பார், பொத்தானை நாம்தான் அமுக்க வேண்டும்.

சுரேஷைக் கூப்பிட்டேன். அக்கா குரலைக் கேட்டதும் அவன் பதறிவிட்டான். "டென்ஷன் ஆவாதேக்கா. வரலைன்னா விடு, அடுத்த பேட்ச்ல எழுதிக்கலாம்" என்று ஆரம்பித்தான்.

காமாட்சி போனை என் கையில் கொடுத்தாள். "அவன்கிட்ட வழி கேளுங்க. ஆறுதல் கேக்காதீங்க" என்றாள்.

அவளை நான் அப்படிப் பார்த்தது இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். சுரேஷ் சொல்லச் சொல்ல நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அவள் அமுக்கினாள். முதலில் ஸ்டார்ட். பிறகு செட்டிங்ஸ். அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட். அதற்குள் ஈதர்நெட், அதாவது எங்கள் வயர். அதை அமுக்கினால் கீழே வரிவரியாக ஆங்கிலம் இறங்கிக்கொண்டே போனது. அதில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள் என்றான்.

"அது என்னடா ஆளு, பதில் சொல்லாத ஆளு?" என்று கேட்டேன்.

"அத்தான், நாம பக்கத்தோட பேரைத்தான் அடிக்கிறோம். கம்ப்யூட்டருக்குப் பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும். பேரைச் சொன்னா விலாசத்தைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற ஆளுதான் டிஎன்எஸ். அந்த ஆளை எங்க போய்க் கேக்கணும்னு அந்த வரியில போட்டிருக்கும். ஆட்டோமேட்டிக்னு இருந்தா இன்டர்நெட் கம்பெனியே பாத்துக்கும். என்ன போட்டிருக்கு?"

நான் வரியைத் தேடிப் பிடித்தேன். படித்தேன். காமாட்சியும் படித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மேனுவல்" என்றேன்.

"மேனுவலா? நான் வெக்கலையே. பக்கத்துல எடிட்னு இருக்கும், அமுக்குங்க. உள்ள என்ன நம்பர் இருக்கு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு புள்ளி மூணு புள்ளி நாலு."

"விளையாடாதீங்க அத்தான்."

"முருகன் சத்தியமா அதான்டா இருக்கு."

"யாரு அத்தான் இப்படியெல்லாம் நம்பர் போடுவா?"

"கியர்" என்றாள் காமாட்சி.

அந்த நேரம் பார்த்து வாசல் கம்பிக் கதவருகே மாஸ்டர் நின்றார். பரீட்சை முடியும்வரை நடைவழியில் உட்கார்ந்து, யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள முக்காலியோடு வந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். முக்காலியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தார். மறைக்கத் தெரியாத மனிதர்.

"போட்டது நான்தான். மேனுவல்னு மாத்துனேன், நம்பர் குடுன்னு கேட்டுச்சு. மேனுவல்னா கியர்தானே? அஞ்சாவதுக்கு இடமே இல்லை. ரிவர்சும் இல்லை. அப்பவே நெனச்சேன், மட்டமான வண்டின்னு" என்றார். குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது.

போனுக்குள்ளிருந்து சுரேஷ் ஒரு பெருமூச்சு விட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சரி மாஸ்டர், பரவால்ல. அக்கா, மேனுவல்னு இருக்குற எடத்துல ஆட்டோமேட்டிக்னு மாத்து, சேவ் அமுக்கு. முடிஞ்சிது" என்றான்.

 கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது, அதுகூட மாஸ்டர் சாவி கொடுத்து ஓட்டச் சொன்ன கடிகாரம்.

மாஸ்டரைப் பார்த்தேன். இந்த மனிதர் குழாயிடம் கை நீட்ட மறுத்தவர். ஓடும் படிக்கட்டு வேண்டாம் என்று முட்டிவலியோடு மூச்சு வாங்க மாடி ஏறியவர். கோயில் நிர்வாகமே கூப்பிட்டுக் கண்டித்தபோது தலை குனியாதவர். அவர் தலை குனிந்திருந்தது.

"போடும்மா" என்றார். "ஆட்டோ போடு. இன்னிக்கு டெஸ்ட் உனக்கு. எனக்கில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பிச் சாமிப் படத்தைப் பார்த்து நின்றுகொண்டார், மாற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று. முதல் நாள் அவர் கொண்டுவந்த எலுமிச்சம்பழம் அங்கே அப்படியே இருந்தது.

காமாட்சியின் கை மௌஸ்மேல் இருந்தது. அமுக்கவில்லை.

"சுரேஷ், மேனுவல்லயே வேலை செய்யாதா?" என்றாள்.

"செய்யும்கா, சரியான நம்பர் போட்டா. ஆனா எதுக்கு? ஆட்டோதான் ஈஸி."

ஈஸி என்கிற சொல்லை அவன் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. காமாட்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்பரைச் சொல்லுடா."

"அக்கா, டைம் ஆவுது."

"டைம் எனக்குத் தெரியும். நம்பர்."

அவன் சொன்னான். "ஒண்ணு புள்ளி ஒண்ணு புள்ளி ஒண்ணு புள்ளி ஒண்ணு. பொது நம்பர், யாரு வேணாலும் போட்டுக்கலாம்."

சாமிப் படத்தைப் பார்த்து நின்ற மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "எல்லாமே ஒண்ணா?"

"எல்லாமே ஒண்ணுதான் மாஸ்டர்" என்றான் சுரேஷ்.

மாஸ்டர் யோசித்தார். முகம் தெளிந்தது. "சரிதான். இது மேடாச்சே. மேட்டுல ஒண்ணாங் கியர்தான் போடணும். நான்தான் அவசரப்பட்டு நாலு வரைக்கும் போயிட்டேன்" என்றார்.

காமாட்சி ஒவ்வொரு ஒன்றாக அடித்தாள். புள்ளி வைத்தாள். மாஸ்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்று முணுமுணுத்தார். அவள் சேவ் அமுக்கியபோது நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். மாஸ்டரின் இடது கால் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. கிளட்சை விடுகிறார்.

பக்கம் திறந்தது.

அவர் காலை முழுதாக எடுத்து, "முருகா" என்றார். மூன்றாவதாகத்தான்.

பரீட்சை முடியும்வரை நடைவழியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் துளை போட வந்த ஆளைச் சைகையாலேயே திருப்பி அனுப்பினார். டிவி பச்சையான வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்தோடு வந்ததற்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவரும் போனார். லிஃப்டில் அப்பாடா என்றவர் அவர்தான். அதைத்தான் அவர் இன்னும் மனசில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வைத்திருக்கட்டும்.

அதற்குப் பிறகு சுரேஷ் வரும்போதெல்லாம் அதை ஆட்டோவில் போட்டுவிடட்டுமா என்று கேட்பான். காமாட்சி விடவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் மேனுவல்தான். ஒன்று புள்ளி ஒன்று புள்ளி ஒன்று புள்ளி ஒன்று. ஓடிக்கொண்டிருக்கிறது.

காமாட்சி தேறினாள். இப்போது அவள் டீச்சர். முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலம், மாஸ்டர் பேரில் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள். மேளத்தை நிறுத்தினாரே, அதே கோயிலுக்குத்தான் போனோம். தட்டை வாங்கிய குருக்கள் யார் பேருக்கு என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருஷம் பழகியும் பேர் கேட்டதில்லை. போன் போடலாம் என்றேன். பாடம் நடத்திக்கொண்டிருப்பார், எடுக்க மாட்டார் என்றாள் அவள்.

"கிளட்ச் மாஸ்டர்னு சொல்லுங்க சாமி" என்றேன்.

குருக்கள் என்னை உற்றுப் பார்த்தார். "நம்ம மேளத்தை நிறுத்துனாரே, அவரா?"

"அவரேதான் சாமி."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

அவர் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கமாகப் போய் மேள மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, கைமணியை எடுத்துக்கொண்டு சந்நிதிக்குள் போனார்.

பேரைச் சொன்னால் விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டருக்கே ஆள் இருக்கிறது. எங்கள் முருகனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா. மந்திரத்துக்கு நடுவில் ‘கிளட்ச் மாஸ்டர்’ என்று எங்கள் இருவர் காதிலும் தெளிவாக விழுந்தது. போய்ச் சேர்ந்திருக்கும்.